முழுகப் போறன்

அத்தியாயம் 4

வாரத்தில் சனிக்கிழமை என்று ஒன்று இல்லாமலே இருந்திருக்கலாம் என்பது சுகுமாறனின் நெடுநாளைய அபிப்பிராயம். திங்கள் முதல் வெள்ளி வரை மனுசனுக்கு வேலை என்று ஒரு சாக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையைத் தூங்கித் தொலைத்துவிடலாம். இந்தச் சனிக்கிழமைதான் ஆளைக் கொல்லும். சிரம்பான் முழுக்கக் குடும்பம் குடும்பமாகக் காடியில் ஏறிக் கிளம்பும்போது, கடைவீட்டு மாடியில் ஒற்றையாக உட்கார்ந்து பால் விடாத தே ஓ குடிக்கிறவனுக்கு அந்த நாள் முடியவே முடியாது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு சனிக்கிழமையை என்ன செய்வது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அதனால்தான் அன்று காலையில் ஜொகூர் பாருவிலிருந்து தர்ஷிகா என்ற பல் டாக்டர் போனில் அழுதபோது, வழக்கை ஏற்றுக்கொள்கிறேன் என்று சொல்வதற்கு முன்பே துப்பறிவாளர் சுகுமாறன் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். இந்த ரகசியம் நமக்குள் இருக்கட்டும்.

விசயம் இதுதான். தர்ஷிகாவின் அப்பா பிரேமநாதன் எழுபதைத் தாண்டியவர், சிலோன்காரர், பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பெரிய கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து வருசங்கள் ஆகிவிட்டன. சிரம்பானில் தனி வீடு. பக்கத்து வீட்டு வள்ளிநாயகி சமைத்துக் கொடுக்கிறாள். அன்று காலை அவர் கைப்போனை மேசையிலேயே வைத்துவிட்டு, தன் பழைய சிவப்பு சாகா காடியில் ஏறும்போது வேலியோரம் நின்ற வள்ளிநாயகியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

"மலைத்தண்ணியிலை முழுகப் போறன். பிள்ளை கேட்டால் பதற வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

வள்ளிநாயகி பதறாமல் என்ன செய்வாள்? தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மழைக்காலத்தில் ஆற்றோடு போனவர்களைப் பற்றி "முழுகிட்டான்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தவள். வயிற்றில் அடித்துக்கொண்டு தர்ஷிகாவுக்குப் போன் போட்டாள். தர்ஷிகா ஆங்கிலத்திலேயே வளர்ந்த பெண். அப்பாவோடு பேசுவதும் ஆங்கிலம்தான். வள்ளிநாயகி அழுதுகொண்டே சொன்ன அர்த்தத்தை அப்படியே எடுத்துக்கொண்டாள். போலீசில் புகார் கொடுத்தாயிற்று, அவளும் காடியில் புறப்பட்டாயிற்று. அப்பாவுக்குப் போன் செய்து மூன்று வாரமாயிற்று என்பதைச் சுகுமாறனிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் வந்து சேரும்வரை அவர் உயிரோடு இருக்கவேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டும் என்றாள்.

சுகுமாறனும் தோட்டத்துப் பிள்ளைதான். அவர் காதிலும் அந்த வார்த்தை வேறு மாதிரி விழவில்லை.

காடியை ஓட்டியவள் புனிதா. தம்பின் ஊர்க்காரி, முப்பது வயது, சுகுமாறனின் ஒரே உதவியாளர். வாய் சும்மா இருந்தால் ஊரில் யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம். உலு பெண்டுல் வளைவுகளில் மைவி காடியைத் திருப்பிக்கொண்டே அவள் புலம்பினாள்.

"எந்த மலை, எந்தத் தண்ணின்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருக்கலாம்லா அந்த அங்கிள். நெகிரி மாநிலத்துல இருக்குற ஆயர் தெர்ஜுன், அருவி எல்லாத்தையும் இன்னைக்கே பாத்துடணும் போல."

முதல் இடம் உலு பெண்டுல்தான், ஏனென்றால் சிரம்பானிலிருந்து கிளம்புகிறவனுக்கு முதலில் வருவது அதுதான். போய்ச் சேர்ந்தால் தேர்க்கூட்டம். மரத்துக்கு மரம் கூடாரம், அடுப்புப் புகை, ஒலிபெருக்கியில் யாரோ ஒருத்தர் சுருதியைத் தேடிக்கொண்டிருந்தார். காடிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த மலாய்ப் பெரியவர், தர்ஷிகா அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்ததும் தலையாட்டினார். சிவப்பு சாகாவை அவரால் மறக்க முடியாது, அதே மாதிரி ஒன்றை விற்றுவிட்டு இன்னும் வருத்தப்படுகிறாராம். அந்த இந்தியப் பெரியவர் வந்தார், ஆழமான தண்ணீர் தேங்குகிற இடத்தை எட்டிப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தண்ணீர் மேலேயிருந்து விழுகிற இடம், ஆள் நடமாட்டம் இல்லாத இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கோலப் பிலாவைத் தாண்டி ஜெராம் கெலாடி என்று ஒன்று இருக்கிறது என்று மலாய்ப் பெரியவர் வழி சொல்லி அனுப்பினார்.

காடியில் ஏறி உட்கார்ந்த சுகுமாறன் பெல்ட்டை மாட்டாமல் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"புனிதா, முழுகறவனுக்கு ஆழந்தானே வேணும்? இவரு ஏன் ஒசரம் கேக்குறாரு?"

"ஒசரத்துல இருந்து குதிக்கலாம்ல, பாஸ்."

அவள் வேடிக்கையாகச் சொல்லவில்லை. சுகுமாறன் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்று ஒரு கிழவர் கேட்டால் வேறு என்னதான் நினைப்பது?

கோலப் பிலா டவுனில் புனிதா நிறுத்தினாள். பசியாறாமல் அவளுக்கு மூளை வேலை செய்யாது. அவளுடைய துப்பறியும் முறை மிக எளிமையானது. தோசை வரும்வரைக்கும் கடைக்குள் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் படத்தைக் காட்டுவாள். அப்படிக் காட்டியதில் பக்கத்து முடிவெட்டும் கடைக்காரர் திருச்செல்வம் மாட்டினார். படத்தை வாங்கிப் பார்த்தவர் முகம் சுண்டிப்போயிற்று. தான் ஒரு பாவத்தைச் செய்துவிட்டதாகவே அவர் பேசினார். அப்பேர்ப்பட்ட மீசை. இரண்டு பக்கமும் வெள்ளிக்கம்பியாய் முறுக்கி நிற்கும். அதை மழிக்கச் சொன்னாராம். இரண்டு தரம் கேட்டும் மனுசன் மாறவில்லையாம்.

"ஏன் சார்னு கேட்டேன். எடுக்கவேண்டி வந்திட்டுது தம்பின்னாரு. அவ்வளவுதான். கண்ணாடியில மொகத்தைக் கூடப் பாக்கல."

அதன்பிறகு எதிர்த்த துணிக்கடைக்குப் போய் ஒரு புது வேட்டியும் துண்டும் வாங்கிக்கொண்டு போனதையும் திருச்செல்வம் பார்த்திருக்கிறார்.

புனிதா தோசையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தாள். அவள் அப்படிச் செய்து சுகுமாறன் பார்த்ததே இல்லை.

"ஆளு அடையாளம் தெரியக்கூடாதுன்னு மீசையை எடுத்தாருன்னா மொதல்ல அந்தக் காடியைல்ல மாத்தியிருக்கணும்? அது வர்றது அடுத்த கம்பத்துச் சனத்துக்கே கேக்கும்."

"மீசையை விடு. சாகப்போற மனுசனுக்கு மாத்துத்துணி எதுக்கு?"

சொல்லி முடித்ததும்தான் அந்தக் கேள்வியின் முழு அர்த்தம் சுகுமாறனுக்கே உறைத்தது. தண்ணீருக்குள் போகிறவன் ஈரத்தை மாற்றிக்கொள்ள உலர்ந்த வேட்டி வாங்கினால், அவன் கரையேறி வருவதாக இருக்கிறான். காலையிலிருந்து அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நெஞ்சிலிருந்து கொஞ்சம் இறங்கியது. உடனே பயமும் வந்தது. செத்தபிறகு உடுத்திவிடச் சொல்லி வேட்டியை முன்கூட்டியே வாங்கிவைக்கிற மகராசர்களும் உண்டு.

ஜெராம் கெலாடியில் இன்னும் மோசம். ஏதோ தொழிற்சாலைக்காரர்கள் பஸ் பிடித்துக் குடும்ப தினம் கொண்டாட வந்திருந்தார்கள். அருவிக்குக் கீழே கயிறிழுக்கும் போட்டி நடந்துகொண்டிருந்தது. நுழைவாயில் கூண்டில் இருந்த முக்காடு போட்ட இளம்பெண்ணுக்குப் படத்தில் இருப்பவரை மீசையில்லாமல் நினைத்துப் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆமாம், வந்தார். பெரியவர்களுக்கான டிக்கெட் இரண்டு கேட்டார். கொடுத்தாள். பிறகு பார்த்தால் காடியில் அவர் ஒருவர்தான். அங்கிள், ஒன்று போதுமே என்று அவளே சொல்லியிருக்கிறாள். அவர் திரும்பிப் பக்கத்து சீட்டைப் பார்த்தாராம். பரவாயில்லை, இருக்கட்டும் என்று இரண்டையும் வாங்கி மேல்பையில் வைத்துக்கொண்டாராம். உள்ளே போன சூட்டில் வெளியே வந்துவிட்டார்.

"ரெண்டு டிக்கெட், ஒரு ஆளு. யாரையாச்சும் காடிக்குப் பின்னால பூட்டுல போட்டு வச்சிருக்காரா?" என்று புனிதா கேட்டாள். பிறகு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, காலையிலிருந்து இரண்டு அருவிக்கு வந்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் காலில் படாத கோஷ்டி இந்த நாட்டிலேயே நாம் இரண்டு பேர்தான் என்றாள்.

சுகுமாறனின் போன் அடித்தது அப்போதுதான். சி ரூசாவில் இருக்கும் அன்னபூரணம். பிரேமநாதனின் தங்கச்சி. தர்ஷிகா கொடுத்த நம்பருக்குக் காலையிலிருந்து போட்டும் அந்த அம்மாள் எடுக்கவில்லை. இப்போது அவளே திருப்பி அழைத்தாள். சுகுமாறன் புனிதாவுக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டினார்.

"மன்னிக்கோணும் தம்பி. முழுகிக்கொண்டு நிண்டனான். போன் அடிச்சது கேக்கேல்லை."

புனிதா மெல்ல அவர் பக்கம் சாய்ந்தாள்.

"பாஸ், இந்த ஆண்ட்டியும் முழுகிட்டாங்க. முழுகிட்டுப் போன் பண்றாங்க."

சுகுமாறன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அம்மா என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். அன்னபூரணத்துக்குச் சிரிப்பு. சனிக்கிழமையல்லவா, தலைக்கு எண்ணெய் வைத்து முழுகினேன், நீங்கள் எல்லாம் முழுகுவதில்லையா என்று திருப்பிக் கேட்டாள். சுகுமாறன் நெற்றியில் அடித்துக்கொள்ளாத குறை. நம் ஆட்களுக்குக் குளித்தால் குளிப்பு, முழுகினால் முடிந்தது கதை. சிலோன்காரர்களுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாலே அது முழுக்குத்தான். ஐம்பது வருசமாக ஒரே தோட்டம், ஒரே கோயில், ஒரே பள்ளிக்கூடம் என்று கூடி வாழ்ந்தும், அவர்கள் குளிக்கப்போவதை நாம் சாவென்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டு ஆட்கள் யாருக்காவது ஏதாவது ஆயிற்றா என்று அவர் கேட்டதற்கு, எல்லாரும் நல்ல சுகம் என்றாள் அன்னபூரணம்.

புனிதா ஒரு நொடி தாமதிக்கவில்லை. தர்ஷிகாவை அழைத்து உங்கள் அப்பா குளிக்கத்தான் போயிருக்கிறார், சாவதற்கு இல்லை என்று சொன்னாள். அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் கேட்டது. வழக்கு முடிந்தது. வேறு துப்பறிவாளராக இருந்தால் வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார். சுகுமாறனுக்கு வீட்டில் மீதிச் சனிக்கிழமை அப்படியே காத்துக்கொண்டிருந்தது. அதனாலேயோ என்னவோ, அவர் கிளம்பு என்று சொல்லவில்லை.

"வீட்டுல சுடுதண்ணி பைப் இருக்கு. குளிக்கிறதுக்கு எதுக்கு மலை மலையா ஏறணும்? நம்ம ஆளுங்க மீசையை எப்ப எடுப்பாங்க, சொல்லு."

"பொண்ணு பாக்கப் போறப்ப. இளசாத் தெரியணும்லா," என்று தொடங்கியவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சாவுக்கு, பாஸ்."

"அந்த ரெண்டு டிக்கெட்டு. எப்பவும் ரெண்டு பேரா வர்ற மனுசன்தான் யோசிக்காம ரெண்டு கேப்பான்."

இது புத்தியால் கண்டுபிடித்தது இல்லை. மனைவி இறந்த வருசம் முழுக்க, கடைக்குப் போனால் அவர் வாய் தானாக இரண்டு பொட்டலம் என்றுதான் சொல்லும். வீட்டுக்கு வந்து பிரித்த பிறகுதான் மற்றதை என்ன செய்வது என்று நிற்பார். அந்த நினைப்பு இப்போதும் அவருக்கு வலித்தது.

வள்ளிநாயகிக்குப் போன் போட்டு, அண்மையில் யாராவது தெரிந்தவர்கள் இறந்தார்களா என்று கேட்டார். ஏன் இல்லாமல்? புதன்கிழமை, பகாவில் பஞ்சாலை என்கிற பழைய சிநேகிதி. வள்ளிநாயகியோடு ஒன்றாகப் பால் வெட்டியவள், புருசன் செத்து இருபது வருசம், இரண்டு மகன்கள், தோட்டத்தை விட்டு வந்து டவுனில் அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். நல்ல மனுசி. சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவாள். மாரடைப்பில் போய்விட்டாள்.

எந்தக் கோயிலுக்கு என்று புனிதா குறுக்கே கேட்டாள். அது தெரியவில்லை என்றாள் வள்ளிநாயகி. பிரேமநாதன் ஐயா சனிக்கிழமைகளில் எங்கே போவார் என்று சுகுமாறன் கேட்டார். கூட்டாளிகளைப் பார்க்க, காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவார், இன்றைக்கும் சனிக்கிழமைதானே என்று சொல்லிக்கொண்டே வந்தவளின் குரல் மெல்ல நின்றது. திரும்ப வந்தபோது அது வேறு குரலாக இருந்தது.

"எழவு வீட்டுக்கு என்னைக் காடியில கூட்டிட்டுப் போனதே ஐயாதான். நான் மாரடிச்சு அழுதேன். அவரு பின்னால நின்னுக்கிட்டு இருந்தாரு. யாரும் அவருகிட்ட துக்கம் கேக்கல."

பிறகு அவளே வழியும் சொன்னாள். பஞ்சாலையும் அவளும் வேலை செய்த புதுக்காட்டுத் தோட்டத்தில், பதினாலாம் நம்பர் காட்டுக்குப் பின்னால் மலைத்தண்ணீர் விழும் இடம் ஒன்று உண்டு. தோட்டத்துச் சனத்தைத் தவிர வெளியாள் யாருக்கும் தெரியாது. இப்போது அங்கே சனமும் இல்லை.

மைவி பகாவ் ரோட்டில் பறந்தது. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள், ஒரே உயரம், ஒரே நிறம், முடிவே இல்லாமல். பால்மரம் இருந்த காலத்தில் மரத்துக்கு நடுவே எப்போதும் ஆள் குரல் கேட்கும். சுகுமாறன் அதையெல்லாம் பார்க்காமல் மலைக்கு மேலே கறுத்துக்கொண்டு வரும் வானத்தைப் பார்த்தார். தோட்டத்தில் பெண்டாட்டி செத்தால் புருசனுக்கு ஒரு சடங்கு உண்டு. அவள் வழியில் உரிமையுள்ள சொந்தம் அவன் தலையில் தண்ணீர் ஊற்றி, புது வேட்டி கொடுத்து எழுப்பிவிட வேண்டும். தானே ஊற்றிக்கொண்டால் அது கணக்கில்லை.

"அவருக்கு ஊத்த ஆள் இல்ல, புனிதா. அதான் தானா விழற தண்ணியைத் தேடிக்கிட்டு அலையறாரு."

கண்ணாடித் துடைப்பான் ஓடவில்லை, மழை இன்னும் கீழே வரவில்லை. அப்படியும் புனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் ஓட்டினாள்.

தோட்டத்து வாசலில் நேப்பாளக் காவல்காரர் கையை விரித்து வழியை மறித்தார். மேலே மலையில் மழை பிடித்துவிட்டது, கெப்பாலா ஆயர் வரும், யாரும் போகக்கூடாது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைவெள்ளம் திடீரென்று இறங்கி, ஆற்றில் நிற்பவனை வாரிக்கொண்டு போவதற்குத்தான் அந்தப் பெயர். சிவப்பு சாகா போயிற்றா என்று கேட்டார் சுகுமாறன். முன்பே போயிற்று, அப்போது மழை இல்லை என்றார் காவல்காரர். உள்ளே ஆள் இருப்பது உறைத்ததும் அவரே வாசலைத் திறந்துவிட்டார்.

சாகா செம்பனை நிழலில் பூட்டி நின்றது. உள்ளே யாருமில்லை. ஒற்றையடிப் பாதையில் இருவரும் ஓடினார்கள். தண்ணீரின் இரைச்சல் அவர்களை விட வேகமாகக் கிட்டே வந்தது. சுகுமாறனுக்கு மூச்சு முட்டியது, அதைவிடப் பயம் முட்டியது. மனுசன் சாக வரவில்லை, குளிக்கத்தான் வந்திருக்கிறார். ஆனால் எழுபது வயசில், பாசிப்பாறையில், விழுகிற தண்ணீருக்குக் கீழே தலையைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றால், மேலேயிருந்து என்ன வருகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? வள்ளிநாயகி தப்பாகப் புரிந்துகொண்டது கடைசியில் சரியாகிப் போய்விடுமோ? மகளிடம் சாகவில்லை என்று சொல்லியாயிற்று. அவள் சிரித்தும்விட்டாள். புனிதா "அங்கிள், அங்கிள்" என்று கத்திய சத்தம் தண்ணீரின் இரைச்சலில் அவள் பக்கத்தில் ஓடியவருக்கே கேட்கவில்லை.

புதர் விலகியதும் அருவி தெரிந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் மரக்கிளைகளைச் சுருட்டிக்கொண்டு விழுந்தது. கீழே பாறை என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லை. ஆளும் இல்லை. சுகுமாறன் தண்ணீரை நோக்கி இறங்கினார்.

"தம்பி, அங்காலை போகாதேங்கோ. வெள்ளம் வருது."

குரல் மேலேயிருந்து வந்தது. மேட்டில், ஒரு பழைய பால்மரத்தின் அடியில், மழித்த உதட்டோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மடியில் துணிக்கடைப் பை. உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. சுகுமாறன் ஏறிப் போய் அவர் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். நீங்கள் யார் என்று பிரேமநாதன் கேட்டார். மகள் அனுப்பிய ஆள் என்றார் சுகுமாறன். அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. கேட்காததால்தான் கிழவர் சொன்னார்.

போன தையில், இந்தத் தோட்டத்து முனியாண்டி கோயிலில் பஞ்சாலைக்குத் தாலி கட்டினார். சாட்சிக்கு யாருமில்லை. அவளுக்கு மகன்களிடம் சொல்ல வெட்கம். அவருக்குத் தர்ஷிகாவிடம் சொல்லப் பயம். வாரத்தில் ஒரு நாள் புருசன் பெண்டாட்டி. பகாவ் பஸ் நிலையத்தில் அவளை ஏற்றிக்கொண்டு அருவி அருவியாகப் போவார்கள், தண்ணீரில் காலைப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார்கள். மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்காகத்தான். செத்தவீட்டுக்குப் போனபோது அவள் மகன் ஓடிவந்து கதிரை போட்டுக் கொடுத்தான், கிராணி ஐயா இருங்கள் என்று தேத்தண்ணீர் கொடுத்தான், வந்ததற்கு நன்றி என்று கையைப் பிடித்தான்.

"என்ர மனிசி கிடக்கிறா. நான் விருந்தாளியாத் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தன், தம்பி."

புனிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இண்டைக்கு முழுகிப்போட்டு எழும்பினால் ஆறும் எண்டு நினைச்சன். தண்ணி கலங்கி வாறதைக் கண்டு பயந்து போனன். சாகிறதுக்கு எனக்குப் பயம்."

அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. சுகுமாறன் அவர் கையைப் பிடித்து எழுப்பினார். மூவரும் மெல்ல இறங்கி வந்தார்கள். வழியில் தர்ஷிகா அழைத்தாள். புனிதா போனைப் பெரியவரிடம் நீட்டினாள். என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது உங்கள் பாடு, நாங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று மட்டும்தான் சொல்வோம் என்று சுகுமாறன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பிரேமநாதன் ஆங்கிலத்தில் தொடங்கி, சுகமாக இருக்கிறேன், அழாதே என்றார். கொஞ்ச நேரம் மகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்ன தோன்றியதோ, தமிழுக்கு வந்துவிட்டார். வீட்டுக்கு வா பிள்ளை, ஒரு ஆளைப் பற்றி உனக்குச் சொல்லவேணும் என்றார். அவள் எவ்வளவு புரிந்துகொண்டாளோ, வருகிறேன் என்றாள்.

முனியாண்டி கோயில் காட்டு விளிம்பில் இருந்தது. ஆடி மாசம் பழைய சனம் வந்து பொங்கல் வைப்பதால் பைப்பில் இன்னும் தண்ணீர் வந்தது. சுகுமாறன் புனிதாவிடம் காடி கழுவுகிற வாளியை எடுத்துவரச் சொன்னார். அது எதற்கு என்று புரிந்ததும் பிரேமநாதன் இரண்டடி பின்னால் போனார்.

"வேண்டாம் தம்பி. நீங்கள் ஊத்த ஏலாது. உரித்துக்காரர்தான் ஊத்தவேணும்."

"உரித்துக்காரன்தான். நான் பக்கத்துத் தோட்டம். பஞ்சாலை எனக்கு அக்கா மொறை."

சுகுமாறன் பிறந்தது லாபுவில். இங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம், ஏகப்பட்ட தூரம். புனிதாவுக்கு இது நன்றாகத் தெரியும். அவள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு குனிந்து பைப்பைத் திருகினாள்.

பிரேமநாதன் அவரை வெகுநேரம் பார்த்தார். தோட்டத்துப் பேரேட்டையெல்லாம் தலைக்குள் வைத்திருந்த கிராணி. பொய்யா மெய்யா என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"அப்ப நான் உமக்கு என்ன முறை?"

"அக்கா புருசன் எனக்கு மாமா. குனிஞ்சுக்குங்க மாமா."

பெரியவர் சட்டையைக் கழற்றிவிட்டு முனியாண்டிக்கு எதிரே மண்ணில் மண்டியிட்டுத் தலை குனிந்தார். சுகுமாறன் வாளியை இரண்டு கையாலும் தூக்கி மெதுவாக ஊற்றினார். தண்ணீர் உச்சியில் விழுந்ததும் அந்த உடம்பு நடுங்கியது. நாலு நாளாக யார் முன்னாலும் அழ முடியாத மனுசன், தண்ணீருக்கு அடியில் வாய்விட்டு அழுதார். பஞ்சாலை என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார். சுகுமாறனுக்கும் அடக்க முடியவில்லை. வாளி காலியான பிறகும் அதைக் கவிழ்த்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார்.

பிரேமநாதன் நிமிரவில்லை. ஈரக் கையை நீட்டிச் சுகுமாறனின் கணுக்காலைத் தொட்டார்.

"இன்னும் ஒரு வாளி ஊத்து, மச்சான்."